முதலாளி கை வெச்சா மெயில் போகும்

தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு உக்காரத் தெரியாது. பஸ்ல காலி சீட்டு கெடந்தாலும் கம்பியைப் புடிச்சுக்கிட்டுதான் நிப்பாவ. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஏறுவேன். அவிய சுந்தரபாண்டியத்துலருந்து ஒரு பஸ் மாறி வந்து, எனக்கு முந்தியே ஸ்டாண்டுல குறுக்கையும் நெடுக்கையும் நடந்துக்கிட்டு இருப்பாவ. ராஜபாளையம் போறதுக்குள்ள கண்டக்டர்ட்ட ரெண்டு தடவை மணி கேப்பாவ. கையில வாட்ச் கட்டியிருக்கு, அது வேற விசயம். "அண்ணாச்சி, நீங்க நின்னா பஸ் வெரசாப் போகுமா?"ன்னு நான் வம்புக்கு இழுத்தா, "உக்காந்தா மட்டும் போகுதாக்கும்?"னு கேப்பாவ.

நான் குருவம்மாள். ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனியில ஆபீஸ் பெருக்கி, டீ வாங்கிக் குடுத்து, கேட்டுலருந்து தபாலை எடுத்தாந்து வைக்கிற ஆளு. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, அதனால எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிப்பேன். காயத்துக்குச் சுத்துற துணியை நெய்து, வெளுத்து, சுருட்டிச் சீமைக்கு அனுப்புற கம்பெனி அது. அந்தச் சீமைக்காரங்களுக்குச் சேதி அனுப்புறதுதான் அண்ணாச்சி வேலை. எண்பத்தி நாலுல கம்பெனிக்கு டெலெக்ஸ் மெஷின் வந்த அன்னைக்கே அவியளும் வந்து சேந்தாவ.

அதுக்கு முந்தி இருபத்திரெண்டு வருசம் பட்டாளம். துப்பாக்கி தூக்குற ஆளு இல்ல, சிக்னல்ஸ். மலை உச்சியில ரேடியோவை வெச்சுக்கிட்டு, வந்த சேதியை வாங்கி, போற சேதியை அனுப்புற வேலை. ஹவில்தாரா வெளிய வந்தாவ. நம்ம பக்கம் பட்டாளத்துல இருந்து வந்தவனுக்கு என்ன வேலை வெச்சிருக்கானுவ? மில்லு கேட்டுல ஒரு ஸ்டூலு. காரு வந்தா எந்திரிச்சு சலாம் போடணும். அண்ணாச்சியோட பெரியப்பா மகன் கண்ணுச்சாமி, அவரும் பட்டாளந்தான், எங்க கம்பெனி கேட்டுலயே அப்படித்தான் உக்காந்திருந்தாரு. "அந்த ஸ்டூல்ல மட்டும் உக்கார மாட்டேன் குருவம்மா. நான் தொழில் படிச்சவன்"னு அண்ணாச்சி எங்கிட்ட எத்தனையோ மட்டம் சொல்லியிருக்காவ. அதைக் கண்ணுச்சாமி காதுபடச் சொல்ல மாட்டாவ, அம்புட்டு மரியாதை.

டெலெக்ஸ் போயி ஃபேக்ஸ் வந்துச்சு. தொண்ணூத்தி ஏழுல கம்ப்யூட்டரும் மெயிலும் வந்துச்சு. அம்பத்தாறு வயசுல மேனுவலை மடியில வெச்சுக் கத்துக்கிட்டாவ. மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன் தபால்பெட்டி வெச்சிருக்கான், சர்வர்னு பேரு. நாம போன் லைன்ல டயல் பண்ணி, அந்தச் சர்வர்ல சேதியைக் குடுத்தா, அது ஹாலந்துக்கோ ஜெர்மனிக்கோ தள்ளிவிடும். அங்கருந்து வர்றதும் அந்தப் பெட்டியிலதான் வந்து கெடக்கும். இதையெல்லாம் அண்ணாச்சி பஸ்ல நின்னுக்கிட்டே எனக்கு வெளங்க வெச்சாவ. எனக்கு எதுக்கு இதெல்லாம்னு நான் கேக்கல. கேட்டாலும் விட்டிருக்க மாட்டாவ.

ஆனா எங்க கம்பெனியில ஒரு வழக்கம் உண்டு. முதலாளியோட அப்பா காலத்துல இருந்தே வர்ற வழக்கம். போற தபாலை யாரு வேணும்னாலும் ஒட்டலாம், வந்த தபாலை முதலாளிதான் பிரிக்கணும். பத்தரைக்கு வந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காமிச்சிட்டு, கத்தியை எடுத்து ஒவ்வொரு கவரா அறுப்பாரு. மேனேஜர் ஐயாதுரைகூட ஒரு போஸ்ட்கார்டைத் திருப்பிப் பாக்க முடியாது. மெயில் வந்ததும் முதலாளி அதையே அங்கயும் வெச்சாரு. "அனுப்புறது தனுஷ்கோடி, வந்ததைத் திறக்கிறது நான்"னுட்டாரு. வர்றதைத் திறக்கப் பாஸ்வேர்டு கேக்கும், அது முதலாளிக்கு மட்டுந்தான் தெரியும். அனுப்புறதுக்கு ஒண்ணும் கேக்காது. கம்ப்யூட்டரும் முதலாளி ரூம்லதான் இருந்துச்சு. காலையில ஒம்பதரைக்கு அண்ணாச்சி உள்ள போயி அனுப்பிட்டு வந்திரணும், பத்தரைக்கு முதலாளி வந்து அவர் மெயிலைப் பாக்கணும். ஒரு வருசம் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு.

தொண்ணூத்தி எட்டு ஆனி மாசம் புடிச்சது சனியன். ஒரு நாள் காலையில ஹாலந்துக்கு அனுப்புன மெயில் போகல. ‘ரிலேயிங் டினைட்’னு ஒரு சிவப்புப் பொட்டியைக் காமிச்சுது, மேல தள்ளிவிட மாட்டேன்னு அர்த்தமாம். மறுபடி அமுக்குனாவ, மறுபடியும் அதே. ஜெர்மனிக்கும் அதே. ஆனா மெட்ராஸ்ல இருந்த எங்க ஏஜென்ட்டுக்கு மட்டும் ஜோரா போச்சு. அவருக்கும் அதே சர்வர்லதான் பெட்டி. "வெளிநாட்டு லைன்ல ஏதோ கோளாறு"ன்னாரு மேனேஜர். அண்ணாச்சி மோடத்தைக் கழட்டி மாட்டுனாவ, போன் ஒயரை மாத்துனாவ, மெட்ராஸுக்கு டிரங்கால் மாதிரி கத்திப் பேசுனாவ. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க பக்கம் ஆத்தென்டிகேசன் பாருங்க"ன்னு அந்தச் சர்வர் கம்பெனிப் பொண்ணு போனை வெச்சிட்டா. அன்னைக்கு மத்தியானம் அண்ணாச்சி சோத்து டப்பாவைத் திறக்கவே இல்ல. வராந்தாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருந்தாவ. எனக்குத் தலை சுத்திருச்சு.

மறுநாள் பதினோரு மணி போல முதலாளி தன் மெயிலைப் பாத்து முடிச்சிட்டு, "என்ன போகலையா? தள்ளுங்க, நான் கை வைக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே வந்து அமுக்குனாரு. போயிருச்சு! அம்புட்டும் போயிருச்சு.

அவ்வளவுதான். ஐயாதுரைக்கு வெறும் வாய்க்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிப்போச்சு. "முதலாளி கைராசி"ன்னு பேக்கிங் கொட்டகை வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தாரு. மறுநாள் காலையில அண்ணாச்சி அமுக்குனா போகல, பத்தே முக்காலுக்கு முதலாளி அமுக்குனா போச்சு. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். பொறவு யாருக்கு என்ன சந்தேகம்? முதலாளி வீட்டம்மா வந்து கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வெச்சிட்டுப் போனாவ. முதலாளி மெயிலைப் பாத்து முடிக்கிற நேரத்துக்கு, நாலு பேரு கதவுக்கிட்ட நின்னு அவர் அமுக்குறதைப் பாப்பானுவ. அவரும் மோதிரத்தைச் சரி பண்ணிக்கிட்டு அமுக்குவாரு. அந்த முகத்துல இருந்த சந்தோசம் இருக்கே, நான் பொய் சொல்ல மாட்டேன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

சில நாள் அவர் கை வெச்சும் போகாது. அன்னைக்கு ராகுகாலம்பாங்க, இல்லன்னா எவனோ எதுக்க தும்முனான்பாங்க. அண்ணாச்சி மட்டும் ஒண்ணும் பேச மாட்டாவ. ஒரு நோட்டுல மணி, யாரு அமுக்குனது, அதுக்கு முந்தி என்ன செஞ்சாங்க, எங்க அனுப்புனது, போச்சா இல்லையான்னு எழுதிக்கிட்டே வந்தாவ. "கையில என்ன ராசி, இது மெஷின். மெஷினுக்கு ஆளு தெரியாது"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு எங்கிட்ட மட்டும் சொல்லுவாவ.

ஆடிக் கடைசியில முதலாளி எல்லாரு முன்னாடியும் வெச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. "தனுஷ்கோடி, உங்க கையில இனி இது ஓடாது போல. ஆவணி முடியிற வரைக்கும் பாக்கேன். அப்பவும் நான்தான் கை வைக்கணும்னா, நீங்க கேட்டுக்குப் போயிருங்க. கண்ணுச்சாமிக்கும் வயசாயிருச்சு." குரல்ல கோவம்கூட இல்ல. அண்ணாச்சி காதுமடல் செவந்துபோச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், கையில இருந்த டீ கிளாஸை அங்கேயே போட்டு உடைச்சிருப்பேன். நாலு புள்ளைங்க படிப்பு என் சம்பளத்துலன்னு நெனச்சுக்கிட்டு கிளாஸைக் கழுவப் போயிட்டேன்.

ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி சொந்தத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாணம். குடும்பத்தோட காலையிலயே மண்டபத்துக்குப் போயிட்டாரு. பன்னெண்டு மணிக்கு ஹாலந்துல இருந்து போன். மறுநாள் தூத்துக்குடியில சரக்கு ஏத்தணும், அதுக்கு முந்தி எந்தச் சுருள் எப்பச் செஞ்சதுன்னு காட்டுற லாட் நம்பர் லிஸ்ட்டு அவங்களுக்கு வேணும். ஃபேக்ஸ் வேண்டாம், ஃபைலாவே மெயில்ல வரணும், நம்ம நேரம் மூணு மணிக்குள்ள வரலைன்னா இந்தத் தடவை வேற ஆளுகிட்ட வாங்கிக்கிடுவோம்னுட்டான். ஐயாதுரை அண்ணாச்சியைப் பாத்து, "இன்னைக்கும் போகலைன்னா முதலாளி ஆவணி முடியிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாரு"ன்னு சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு.

அண்ணாச்சி அமுக்குனாவ. சிவப்புப் பொட்டி. மூணு தடவை. பொறவு எந்திரிச்சு அந்த ரூமுக்குள்ளயே நடக்க ஆரம்பிச்சாவ. பன்னெண்டு அடி இருக்கும் அந்த ரூம். நான் மேசை தொடைக்கிற மாதிரி அங்கேயே நின்னேன். நோட்டைத் திறக்கிறதும் மூடுறதும், சட்டைப் பையில பேனாவைச் சொருகுறதும் எடுக்கிறதும்... "அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க, ஒங்களுக்குக் கோடி புண்ணியம்"னேன்.

"ஆத்தென்டிகேசன்னாளே அந்தப் பொண்ணு"ன்னாவ திடீர்னு. "பட்டாளத்துலயும் அந்த வார்த்தை உண்டு குருவம்மா. நான் ரேடியோவுல சேதி இருக்குன்னு கூப்பிட்டா, அந்தப் பக்கம் ஒடனே வாங்க மாட்டான். ‘ஆத்தென்டிகேட்’னு சொல்லி ரெண்டு எழுத்து குடுப்பான். அன்னைக்கு உள்ள ரகசியத் தாளைப் பாத்து நான் பதில் எழுத்து சொல்லணும். சரியா சொன்னாத்தான் நான் நம்ம ஆளு. இல்லைன்னா எதிரி. சேதியை வாங்கவே மாட்டான்."

"சரி. அதுக்கு?"

"இந்த மெஷின் அனுப்பும்போது நீ யாருன்னு எங்கிட்டக் கேக்கவே இல்லையே! கேக்காம எப்படி நம்புவான்? எங்கயாவது கேக்கணும்லா?" நோட்டை மேசையில விரிச்சுப் போட்டாவ. "பாரு. முதலாளி தன் மெயிலைப் பாத்துட்டு அமுக்குன அன்னைக்கெல்லாம் போயிருக்கு. அவரு நேரமாயிருச்சுன்னு பாக்காம நேரா வந்து அமுக்குன நாலு நாளும் போகல. பாத்துட்டு நடுவுல லைன் கட்டான அன்னைக்கும் போகல. பாஸ்வேர்டு வர்ற பக்கம் மட்டுந்தான் கேக்குது. அங்க அதைப் போட்டுத் திறந்தாத்தான் இவன் நம்ம ஆளுன்னு சர்வருக்குத் தெரியுது. பொறவு கொஞ்ச நேரம் போற பக்கத்தையும் திறந்து விடுது. முன்னாடி இப்படி இல்ல, ஆனியில மாத்திட்டானுவ. ஏஜென்ட்டுக்கு மட்டும் ஏன் போச்சு? அவரு அதே பெட்டிக்காரரு, உள்ளுக்குள்ளயே குடுக்கிறதுக்கு அவன் கேள்வி கேக்கல." சொல்லி முடிச்சப்ப அவிய நெத்தியெல்லாம் வேர்வை.

நான் தொடைக்கிற துணியை மேசையிலயே போட்டுட்டேன். ஏன்னா அந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். முதலாளி ஒத்தை வெரல்ல தேடித் தேடி, ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பாரு. ஒரு வருசமா அந்த ரூம்ல ஊதுபத்திச் சாம்பலை அள்ளுறவளுக்குத் தெரியாம இருக்குமா? அவரோட அம்மா பேரும், ஒரு நம்பரும். "அண்ணாச்சி, நான் சொல்லவா?"ன்னேன்.

"சொல்லாதே!"ன்னு ஒரு அதட்டு. "அவருக்கு வந்ததை அவரு திறக்கணும். நான் இன்னொருத்தன் தபாலைத் திறந்து பொழைக்க மாட்டேன்."

முதலாளி கேட்டுக்கு அனுப்பப் போறாரு, இவிய நியாயம் பேசுதாவ! எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. மண்டபத்துக்குப் போன் போட்டாவ. முதலாளி லைனுக்கு வர இருபது நிமிசம் ஆச்சு, பின்னாடி ஒரே மேளச் சத்தம். அண்ணாச்சி பாஸ்வேர்டுன்னு ஆரம்பிச்சதுமே, "நூறு பேரு சுத்தி நிக்காங்க, அதைப் போய் போன்ல கத்தவா? பந்தியை முடிச்சிட்டு நானே வந்து கை வைக்கேன்"னு வெச்சிட்டாரு. ஒரு மணி ஆச்சு. ரெண்டு ஆச்சு. அண்ணாச்சி ஜன்னலுக்கும் கடியாரத்துக்குமா நடந்தாவ. நான் வாசல்ல நின்னு ஒவ்வொரு காருக்கும் எட்டிப் பாத்தேன்.

ரெண்டு இருபதுக்குப் பட்டுவேட்டியோட, நெத்தியில கல்யாணக் குங்குமத்தோட வந்து எறங்குனாரு. ஐயாதுரையும் மத்தவங்களும் கண்ணாடிக் கதவுக்கு வெளிய கூடிட்டாங்க. உள்ள முதலாளி, அண்ணாச்சி, தண்ணிச் செம்போட நான். முதலாளி நேரா வந்து அமுக்குனாரு. சிவப்புப் பொட்டி. கையைத் தொடைச்சிட்டு மறுபடி அமுக்குனாரு. அதே பொட்டி. தன் வீட்டுத் தெலுங்குல என்னமோ முணுமுணுத்தாரு. வெளிய நின்னவங்க முகத்தைப் பாக்க முடியாம மோதிரத்தைத் திருகுனாரு.

"முதலாளி, முதல்ல உங்களுக்கு வந்த மெயிலைத் திறங்க."

"இப்ப அதுக்கு எங்க நேரம்?"

"திறங்க முதலாளி." கெஞ்சல் இல்ல. அந்தக் குரலை நான் அதுக்கு முந்தி கேட்டதே இல்ல.

முதலாளி எழுத்து எழுத்தா அடிச்சுத் திறந்தாரு. ரெண்டு மெயில் வந்து விழுந்துச்சு. அண்ணாச்சி குனிஞ்சு, லைனைக் கட் பண்ணாமயே, அனுப்புறதை அமுக்குனாவ. நீலக்கோடு ஊர்ந்துச்சு, நின்னுச்சு, மறுபடி ஊர்ந்துச்சு. போயிருச்சு. மணி ரெண்டு முப்பத்தி ஒண்ணு. நான் செம்பைக் கீழ வெச்சிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். வெளிய இருந்து பாத்தவங்களுக்கு யாரு அமுக்குனாங்கன்னு தெரியல. ஐயாதுரை கையைத் தட்டி, "முதலாளி கை வெச்சாச்சு, போயிருச்சு!"ன்னு கத்துனாரு.

வந்த ரெண்டுல ஒண்ணு அந்த மெட்ராஸ் கம்பெனியோடது. அண்ணாச்சி அதை மெதுவா வாசிச்சுத் தமிழ்ல சொன்னாவ: ஆனி மாசத்துல இருந்து விதியை மாத்தியிருக்கோம், இது ரெண்டாவது அறிவிப்பு, அனுப்புறதுக்கு முந்தி உங்க பாஸ்வேர்டு போட்டு வந்த மெயிலைப் பாத்துருங்க. முதலாளி மோதிரத்தைத் திருகுறதை நிறுத்திட்டாரு. "இதே மாதிரி ஒண்ணு முன்னாடியும் வந்துச்சு. விளம்பரம்னு நெனச்சு அழிச்சிட்டேன்"னாரு. பொறவு, "அப்போ... கை இல்ல?"ன்னு கேட்டாரு.

"இல்ல முதலாளி. பாஸ்வேர்டு."

வெளிய இன்னும் கைதட்டிக்கிட்டு இருந்தானுவ. முதலாளி எந்திரிச்சுப் போயி கதவுத் திரையை இழுத்துவிட்டாரு. திரும்பி வந்து, குரலை எறக்கி, "இது வெளிய போக வேண்டாம் தனுஷ்கோடி. நம்மளோட இருக்கட்டும். வழக்கம் போல நான் பாத்துட்டு நானே அமுக்குறேன். நான் ஊர்ல இல்லாத அன்னைக்குப் பாஸ்வேர்டு சீட்டுல எழுதித் தாரேன், காலையிலயே கை வெச்சிட்டுப் போனேன்னு சொல்லிருங்க. கேட்டுப் பேச்சு இனி கெடையாது. இந்தச் சேர் உங்களுதுதான்"னாரு. என்னைப் பாத்து, "உனக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது, போய் டீ கொண்டா"ன்னாரு.

நான் அசையல. அண்ணாச்சி வாயைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த நோட்டைத் தூக்கி வெளிய இருக்கிறவன் மூஞ்சியில வீசுவாவ, ரெண்டு மாசம் பட்ட அவமானத்துக்கு ஒரு வார்த்தை கேப்பாவன்னு நெனச்சேன். அவிய தரையைப் பாத்தாவ. "சரி முதலாளி"ன்னாவ.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல நான் அவியளை விடல. "ஏன் அண்ணாச்சி? தப்பு யாரோடது? அந்த ஆளு அழிச்சதுக்கு நீங்க ஏன் தலை குனியணும்? எனக்கு வாய் அரிக்குது, நாளைக்கு நானே பேக்கிங்ல போயிச் சொல்லிருவேன்"னு பொரிஞ்சு தள்ளிட்டேன்.

"சொல்லாதே குருவம்மா. பட்டாளத்துல ஆபீசர் சேதியைத் தப்பா எழுதிக் குடுப்பான். தப்பாவே போகும். விசாரணை வந்தா ஆபரேட்டர் பிழைன்னு நான் கையெழுத்துப் போடுவேன். இருபத்திரெண்டு வருசத்துல எத்தனை தடவைன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஹவில்தாருக்கு மேல ஏன் போகலைன்னு நெனைக்க?" நான் பக்கத்துக் காலி சீட்டைத் தட்டிக் காமிச்சேன், அவிய கம்பியை விடல.

தொண்ணூத்தி ஒம்பது டிசம்பர்ல அவியளுக்கு அம்பத்தெட்டு முடிஞ்சு வழியனுப்பு விழா வெச்சாங்க. அந்த ஒண்ணேகால் வருசமும் தினம் காலையில, "முதலாளி, கை வைங்க"ன்னு நாக்காலியை இழுத்துப் போட்டது அண்ணாச்சிதான். பேக்கிங் கொட்டகையில பெஞ்சு போட்டு, மாலை, சால்வை, காராச்சேவு, எல்லாம் இருந்துச்சு. முதலாளி மைக்கைப் புடிச்சு, "பதினஞ்சு வருசமா நம்ம கம்பெனிக்கு நாக்கா இருந்தவர் தனுஷ்கோடி. மெயில் போகாம நாம தவிச்சப்ப, மெஷின்ல கோளாறு இல்ல, முதலாளி கை வெச்சாத்தான் போகும்னு முதல்ல கண்டுபிடிச்சதே இவருதான்"னாரு.

மாலையோட மேடையில நின்ன அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டாவ. கொட்டகை முழுக்கக் கைதட்டுனாங்க. ஐயாதுரை விசில் அடிச்சாரு. அண்ணாச்சி கூட்டத்துல என்னைத் தேடிப் பாத்தாவ, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பொறவு நானும் கைதட்டுனேன்.